கிழிசல் எங்கே?

உலகத்தில் எந்தத் தொழிலுக்கும் விளம்பரம் செய்துவிடலாம். கேக் செய்கிறவள் கேக்கைப் படம் எடுத்துப் போடுகிறாள், முடி வெட்டுகிறவன் வெட்டிய தலையைப் போடுகிறான், பெயின்ட் அடிக்கிறவன் சுவரைப் போடுகிறான். நம் ஊசியக்காவுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் வேலை நன்றாக அமைந்தால் கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம். அப்புறம் எதைத்தான் படம் எடுப்பாள் பாவம்.

ஊசியக்கா என்பது அவள் கடை இருக்கிற கட்டடத்துக்காரர்கள் வைத்த பெயர். கிழிந்த துணியைச் சரிசெய்கிறவள். ஒட்டுப்போட்டு ஒப்பேற்றுகிற கதை அவளிடம் கிடையாது. அதே துணியின் மடிப்புக்குள்ளிருந்து நூலை ஒவ்வொரு இழையாக உருவி எடுத்து, ஓட்டை விழுந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, துணியை அங்கேயே மறுபடி நெய்துவிடுவாள். முடிந்ததும் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு நூல் முடிச்சு. என்றைக்காவது அதே துணி திரும்பி வந்தால், நாம் கைவைத்த இடம் நமக்காவது தெரிய வேண்டாமா, அதற்காக. அப்புறம் இஸ்திரி போட்டு, கழுத்திலிருந்து கடைசிவரை எல்லாப் பட்டன்களையும் மாட்டி, சுவர்க் கொக்கியில் தொங்கவிடுவாள். பட்டன் மாட்டாத துணி அவள் கணக்கில் முடியாத துணி.

கடை என்று சொல்வது கொஞ்சம் பெரிய வார்த்தை. நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே, தலை நிமிர்ந்தால் இடிக்கிற ஓர் இடுக்கு. ஒரு மேசை, கழுத்து வளைகிற விளக்கு ஒன்று, சுவரில் ஐந்து கொக்கி. அடுத்த கதவு ஜெராக்ஸ் கடை. அதில் அவளுடைய தங்கச்சி வேலை பார்த்தாள்.

ஐந்து கொக்கியில்தான் வினையே ஆரம்பித்தது. அவளைக் கட்டிய வீட்டுக்காரர் கூரியர் வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனுஷன். அவருடைய அண்ணன் ஒரு சீருடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். காலர் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வரைக்கும் பிடித்துவைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஊசியக்கா ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்திருக்கிறாள். வரிசையாக நாற்பது மெஷின். காலையிலிருந்து சாயங்காலம்வரை காலர், காலர், காலர். சட்டையின் மிச்சத்தைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

"எனக்கு உன் கைமேல சந்தேகமே இல்லம்மா," என்றார் வீட்டுக்காரர். "ஆனா எப்ப வந்து பாத்தாலும் அஞ்சு கொக்கில நாலு காலியா இருக்கு. நீ வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. அதைப் பாக்கத்தான் எனக்கு முடியல."

"இந்த ஒரு மாசம் குடுங்க."

"சரி. மாசக் கடைசி சனிக்கிழமை நீ கடை மூடுறப்போ அஞ்சு கொக்கிலயும் துணி தொங்கணும். தொங்குச்சுன்னா நான் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா திங்கக்கிழமை காலைல நானே வேன்ல கொண்டுபோய் விடுறேன்."

இதைச் சொல்லும்போது அவர் போட்டிருந்த நீலச் சட்டை தோளில் ஒரு சாண் கிழிந்து கிடந்தது. இரண்டு வருஷமாக அப்படித்தான் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் கிழிசல் தைப்பவள், வீட்டுச் சட்டைக்கு நாளைக்கு என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள். அவரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

*

"பந்தயம் கட்டிட்டு இப்படிக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா எப்படிக்கா?" என்று தங்கச்சி போனோடு வந்து உட்கார்ந்தாள். "அக்கம்பக்கம்னு ஒரு குழு இருக்கு. இந்த வட்டாரத்துல பதினெட்டாயிரம் பேரு அதுலதான் குடியிருக்காங்க. பூனை காணாமப் போனா அங்கதான் அழுவுறாங்க, குழாய் உடைஞ்சா அங்கதான் திட்டுறாங்க. அதுல போடு."

போட்டார்கள். ஆனால் குழுவுக்கு ஒரு நிர்வாகி உண்டு. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பதினெட்டாயிரம் பேரையும் ஒரே வகுப்பாக நினைத்து நடத்துகிறவர். வியாபாரப் பதிவு சனிக்கிழமை மட்டுமே, மற்ற நாளில் போட்டால் வெளியே. இது நான்காம் விதி. சனிக்கிழமை வந்ததும் ஊரிலுள்ள கேக்கும் மெத்தையும் டியூஷனும் வீடு வாடகையும் மொத்தமாக வந்து விழும். அந்தச் சந்தைக்கூச்சலில் ஊசியக்கா சரிசெய்த பழுப்புக் கோட்டின் படமும் போய் விழுந்தது. மூன்றே மூன்று பதில்தான் வந்தது.

"நல்ல கோட். விலை என்ன?"

"டெலிவரி உண்டா?"

"இதுல என்ன இருக்கு? வெறும் கோட்டு."

தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "கிழிஞ்சு இருந்தப்போ ஒரு படம் எடுத்திருக்கணும்க்கா. முன்னாடி இப்படி, பின்னாடி இப்படின்னு பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் ஜனங்களுக்குப் புரியும்."

"அது மட்டும் முடியாது. நம்பிக் குடுத்துட்டுப் போறாங்க. அவங்க கிழிசலை ஊருக்கே காட்டுறதா? புண்ணைக் காட்டிப் பிச்சை எடுக்குற மாதிரி இருக்கு."

"நிறைகுடம் தளும்பாது, ஒத்துக்குறேன். தளும்பாத குடத்தை யாருக்கா திரும்பிப் பாக்குறாங்க?"

ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த 'வெறும் கோட்டு' வேறு நெஞ்சில் முள்ளாக நின்றது. மூன்று நாள் உட்கார்ந்து, கண் பூத்துப்போய் நெய்த கோட்டு அது. வெறும் கோட்டாமே. போனைப் பிடுங்கி, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அந்த ஆளுக்குப் பதில் அடித்தாள்.

"இதுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல் இருந்துச்சு. எங்கன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

கோபத்தில் எழுதியதுதான். தந்திரமும் இல்லை, மந்திரமும் இல்லை. எழுதிவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள்.

அரைமணி நேரம் கழித்துப் போன் மேசைமேல் தானாக நகர ஆரம்பித்தது. அதிர்ந்து அதிர்ந்து, கத்தரிக்கோல் வரைக்கும் வந்துவிட்டது. தங்கச்சி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த காகிதத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, நாப்பது பேரு. இல்ல, அம்பத்தி மூணு. அய்யோ, ஏறிக்கிட்டே இருக்கு."

ஒருவர் படத்தில் முழங்கையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். இன்னொருவர் சட்டைப்பைக்கு. ஒருத்தர் ஆணியடித்த மாதிரி ஹேங்கருக்கே வட்டம் போட்டு, 'இங்கேதான், சத்தியமாக' என்று எழுதியிருந்தார். ஒரு வீட்டில் புருஷனுக்கு ஓர் இடம், பெண்டாட்டிக்கு வேறிடம். சமையல் அப்படியே நிற்கிறது, யாராவது சீக்கிரம் விடையைச் சொல்லித் தொலையுங்கள் என்று அந்த வீட்டு மாமியார் கெஞ்சியிருந்தார். கண் டாக்டர் ஒருவர் எல்லாரும் போனைக் கீழே வையுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு, அதற்கு அடுத்த வரியிலேயே 'வலது தோள்' என்று தன் விடையையும் போட்டிருந்தார்.

ஊசியக்கா ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பன்னிரண்டு வருஷத் தொழிலில் இத்தனை பேர் சேர்ந்து அவள் வேலையை உற்றுப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் டீச்சரிடமிருந்து தனிச் செய்தி வந்தது. இரண்டு பேரும் பயந்துகொண்டே திறந்தார்கள்.

"நான்காம் விதிப்படி இது விளம்பரமா என்று யோசித்தேன். விளம்பரம் அல்ல, புதிர். ஆகவே எந்த நாளும் போடலாம். நிபந்தனைகள்: கடைப் பெயர், முகவரி வரக் கூடாது. விடை சனிக்கிழமை நாலு மணிக்கு, சான்றுடன் தர வேண்டும். என் விடை, இடது கைமடிப்பு. தவறென்றால் உடனே தெரிவிக்கவும்."

தவறுதான். இடம் முதுகு, நடுத்தையலுக்கு ஒட்டி. சனிக்கிழமை கோட்டை உள்பக்கம் திருப்பி, சிவப்பு முடிச்சைக் கிட்டத்தில் காட்டிப் படம் போட்டார்கள். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லியிருக்கவில்லை.

கடைப் பெயரைப் போடக் கூடாது என்றாரே டீச்சர், அதுதான் பெரிய உபகாரமாகிப் போனது. யார் இது, எங்கே இருக்கிறாள் என்று ஒருவர் கேட்க, தெரிந்தவர் ஒருவர் சொல்ல, 'படிக்கட்டுக்குக் கீழ, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துல, தலையக் குனிஞ்சு போங்க' என்று ஊரே வழி சொன்னது. நாம் சொன்னால் விளம்பரம், நாலு பேர் சொன்னால் பேச்சு. ஒரு வாரத்தில் இரண்டாவது கொக்கியும் மூன்றாவது கொக்கியும் நிறைந்தன. வந்தவர்கள் துணியைக் கொடுத்துவிட்டுச் சும்மா போகவில்லை. அடுத்த புதிருக்கு என் சட்டையைப் போடுங்கள் அக்கா என்று சிபாரிசு வேறு. இரண்டாவது புதிர் ஒரு கோடுபோட்ட சட்டை. அறுநூறு விடை. அதிலும் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

வீட்டில் அவள் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வாள். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். "ம்" என்பார். சில சமயம் "அப்புறம்" என்பார். அவ்வளவுதான்.

*

மூன்றாவது புதிர்தான் ஆளைக் கவிழ்த்தது.

வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறவர் ஒருவர் இரண்டு கோட்டுகளோடு வந்தார். இரண்டும் அச்சாக ஒன்று. வெள்ளிநிறச் சாம்பல், உள்துணி இல்லாத மெல்லிய கோட்டு. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வாராம். ஒன்றின் இடது கை, மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, கம்பியில் மாட்டிக் கிழிந்திருந்தது. நிறம் ஒத்துப் பார்க்க உதவும் என்று நல்லதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படி ஒரு வேலையை அவளே அதற்கு முன் செய்ததில்லை. துணியில் பளபளப்பு இருந்ததால் ஒவ்வோர் இழையும் வெளிச்சத்துக்கு ஒரு பக்கமாகத்தான் படுக்க வேண்டும். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, திங்கள் காலை முடித்து, முடிச்சுப் போட்டு, பட்டன் மாட்டி, நல்ல கோட்டையும் இஸ்திரி போட்டு ஒரே கொக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி ஜெராக்ஸ் கடையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அக்கா, எல்லாரும் மூணாவது புதிர் எங்கன்னு கேட்டுக் கொல்லுறாங்க. சீக்கிரம் படம் எடு."

வாசலில் இரண்டு பேர் துணியோடு நிற்கிறார்கள், போன் குதிக்கிறது. கொக்கியிலிருந்து கோட்டை எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினாள்.

இரண்டாயிரத்துச் சொச்சம் விடை வந்தது. வேறு வட்டாரத்துக் குழுக்களிலிருந்தெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். டீச்சருக்கே சூடு பிடித்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை விடையை நேரலையில் காட்டுவோம், நானே நேரில் வருகிறேன், சரியாகச் சொன்னவருக்குப் பரிசு உண்டா என்று கேட்டார். ஒரு துணி இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்றாள் ஊசியக்கா. வெள்ளிக்கிழமை ட்ரம்பெட்காரர் வந்து, மறுநாள் ஒரு விழா இருக்கிறது, ஒரு கோட்டு வேண்டும் என்றார். நேரலைக்கு வேண்டியதைத் தனியே வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்து அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமைதான் மாதக் கடைசிச் சனிக்கிழமை. முடிந்த துணியையெல்லாம் காலையிலேயே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றரை மணிக்குக் கொக்கிகளில் இரண்டு துணிதான் மிச்சம். ஆனால் வாசலில் பை வைத்துக்கொண்டு இரண்டு பேர் நேரலை முடியக் காத்திருந்தார்கள். இன்னும் எத்தனையோ பேர் பார்த்துவிட்டு வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஐந்து என்ன, பதினைந்து கொக்கி இருந்தாலும் இன்றைக்குப் போதாது என்று தங்கச்சி துள்ளினாள்.

டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். குள்ளமான உருவம், கையில் ஒரு பூதக்கண்ணாடி. படிக்கட்டில் தலை இடிக்காமல் நடந்த முதல் ஆள் அவர்தான். தங்கச்சி போனைப் பிடித்தாள். பார்க்கிறவர்கள் மூவாயிரத்து நூறு என்று காட்டியது.

"வணக்கம். முதலில் விதிகள்," என்று டீச்சர் ஆரம்பித்தார்.

ஊசியக்கா கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, முன்கூட்டியே தயாராக இருப்போம் என்று இடது கையை உள்பக்கமாகத் திருப்பினாள். மணிக்கட்டு. நாலு விரல் மேலே. சிவப்பு முடிச்சு இல்லை.

வலது கையைத் திருப்பினாள். அங்கேயும் இல்லை. துணியைக் கட்டைவிரலால் தடவினாள். இழையெல்லாம் தறியிலிருந்து வந்தபடி சொகுசாகப் படுத்திருந்தன. அவள் கைபட்ட துணியே இல்லை அது. இது நல்ல கோட்டு. கிழியவே கிழியாத கோட்டு. கிழிந்து நெய்த கோட்டை வெள்ளிக்கிழமை அவளே மடித்துக் கொடுத்தனுப்பிவிட்டாள். இரண்டில் எது தான் செய்தது என்று செய்தவளுக்கே தெரியவில்லை.

அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே தங்கச்சிக்கு விளங்கிவிட்டது. கெட்டிக்காரி. போனை டீச்சர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். மற்றொரு கையால், மேசையில் குத்தியிருந்த ஊசியை, சிவப்பு நூல் கோத்தபடியே, அக்காவின் மடிக்குத் தள்ளினாள்.

"ஒரு முடிச்சு," என்று வாயசைத்தாள். "ரெண்டு செகண்டு."

ரெண்டு செகண்டுகூட வேண்டாம். அந்தக் கைக்கு ஒரு மூச்சு போதும். டீச்சர் இன்னும் மூன்றாம் விதியில்தான் இருந்தார். எந்த இடத்தில் முடிச்சுப் போட்டாலும் அதுதான் விடை. துளிச் சந்தேகம் வராது. மூவாயிரம் பேரும் அடேயப்பா என்பார்கள், வாசலில் நிற்கிற பையெல்லாம் உள்ளே வரும், திங்கட்கிழமை காலர் கிடையாது. ஊசி விரலுக்குள் வந்துவிட்டது. துணியில் முனையும் பட்டுவிட்டது.

பட்ட இடத்தில் அப்படியே நின்றது. தறியில் நெய்ததைத் தான் நெய்தேன் என்று சொல்வதா? அப்படிச் சொல்லிவிட்டால் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து உண்மையாகவே நெய்தாளே, அதற்கு என்ன மரியாதை? ஊசியை மேசையில் வைத்தாள்.

"இனி விடை," என்றார் டீச்சர். போன் அவள் பக்கம் திரும்பியது.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்றாள் ஊசியக்கா. "இந்தக் கோட்டு கிழிஞ்சதே இல்ல. ரெண்டு கோட்டு ஒரே மாதிரி இருந்துச்சு. நான் அவசரத்துல இதைப் படம் எடுத்துட்டேன். கிழிஞ்சதைத் தெச்சு, நேத்து குடுத்தனுப்பிட்டேன். எது எதுன்னு எனக்கே தெரியல. ஒரு வாரமா உங்க எல்லாரையும் இல்லாத ஒண்ணைத் தேட வெச்சுட்டேன்."

திரையில் சந்தை கூடிவிட்டது. 'ஏமாற்று வேலை.' 'எனக்கு அப்பவே சந்தேகம்.' 'நாலு நாள் தூக்கம் போச்சு.' 'முந்தின ரெண்டும் இப்படித்தானோ?' வாசலில் நின்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதில் ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கண்ணீர் வழிந்தது.

டீச்சர் கோபப்படவில்லை. கணக்கில் தப்பு வந்தால் எங்கே என்று தேடுகிற ஜாதி. "மற்ற கோட்டு இப்போ எங்க இருக்கு?"

"ட்ரம்பெட்காரர்கிட்ட. விழாவுக்குப் போட்டுட்டுப் போயிருப்பாரு."

"கூப்பிடுங்க."

தங்கச்சி தன் போனில் நேரலை ஓடிக்கொண்டிருக்க, டீச்சரின் போனை வாங்கி வீடியோவில் அழைத்தாள். ஐந்தாறு தடவை மணி அடித்து, கடைசியில் எடுத்தார். பின்னால் மேளமும் தாளமும் சுருதி சேர்க்கிற சத்தம். டீச்சர் அந்தப் போனை நேரலைக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார்.

"என்னக்கா, மேடை ஏறப் போறேன்."

"தம்பி, நீங்க போட்டிருக்கிற கோட்டுல இடது கை. உள்பக்கம் திருப்பிப் பாருங்க."

"இது நல்ல கோட்டாச்சே. கிழிஞ்சதை நீங்கதானே வெச்சிருக்கீங்க. காலைலருந்து இதைத்தான் போட்டுக்கிட்டுச் சுத்துறேன், எங்க குழுவுல அத்தனை பேரும் பாத்தாங்க."

"திருப்புங்க, சொல்றேன்."

திருப்பினார். படம் ஆடியது, மங்கியது, தெளிந்தது. வெள்ளிச்சாம்பல் துணியில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, சின்னதாக, சிவப்பாக அந்த முடிச்சு இருந்தது.

"அட," என்றார் ட்ரம்பெட்காரர். கையை வெளிப்பக்கம் திருப்பினார், உள்பக்கம் திருப்பினார், மறுபடி வெளிப்பக்கம் திருப்பினார். பக்கத்திலிருந்த ட்ரம் வாசிக்கிறவரைக் கூப்பிட்டார். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கடா?" என்றார். டீச்சர் பூதக்கண்ணாடியைப் போன் திரைமேலேயே வைத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு திரையை வாசிக்க முடியவில்லை. அத்தனை வேகம். தங்கச்சி பொறுக்கிப் பொறுக்கிக் கத்தினாள். "'போட்டவருக்கும் தெரியல, தெச்சவங்களுக்கும் தெரியல, என்னய்யா வேலை இது'ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. 'என் கல்யாணக் கோட்டைப் பூச்சி அரிச்சிருக்கு, எங்க வரணும்'னு ஒருத்தர். கண் டாக்டரு கும்பிடு போட்டிருக்காருக்கா." தோளில் பையை மாட்டியவர் அதை மறுபடி இறக்கி, உள்ளே நீட்டினார். அடுத்தவரும் நீட்டினார். ஊசியக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டையும் வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். நாலு ஆயிற்று.

"ஒரு நிமிஷம்," என்றார் டீச்சர். "புதிர்னா விடை உண்டு. இந்தப் படத்துக்கு விடை, கிழிசலே இல்லைங்கிறது. அப்படி யாராவது சொல்லியிருக்காங்களான்னு பாக்கணும். விதி விதிதான்."

இரண்டாயிரத்துச் சொச்சத்தையும் விரலால் தள்ளித் தள்ளி அவர் பார்த்தார். ஒரு மாணவனின் விடைத்தாளைக்கூட விட்டதில்லையாம். கடைசியில் விரல் நின்றது.

"செவ்வாய்க்கிழமை காலைல, வழிப்போக்கன்னு ஒருத்தர். 'இந்தக் கோட்டு கிழியவே இல்லை.' இவ்வளவுதான் எழுதியிருக்கார். ஒருத்தரும் இதைக் கவனிக்கல. வழிப்போக்கன் அவர்களே, நீங்க எங்க இருந்தாலும் வந்து பரிசை வாங்கிக்கலாம்."

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம். கூரியர் வேன் கதவு, அந்தச் சத்தம் ஊசியக்காவுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். பனியனோடு வந்தார். நீலச் சட்டை கையில் இருந்தது.

"நீங்க யாரு?" என்றார் டீச்சர்.

"வழிப்போக்கன்," என்றார் அவர்.

தங்கச்சிக்குப் போன் கையிலிருந்து நழுவிப் போய், நல்லவேளை, மேசையில் நின்றது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் அப்போது தெரிந்தது படிக்கட்டின் அடிப்பாகம் மட்டும்தான்.

"நீங்களா?" என்றாள் ஊசியக்கா. "நீங்க எப்ப குழுவுல சேந்தீங்க?"

"மொத புதிர் அன்னைக்கு. வண்டி சிக்னல்ல நிக்கிறப்பல்லாம் பாப்பேன்."

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ரெண்டாவது பட்டன் திறந்து கெடந்துச்சு." அவர் கூச்சத்தோடு சொன்னார். "நீ முடிச்ச துணியை அப்படி மாட்டி நான் பாத்ததே இல்ல. மொத ரெண்டு படத்துலயும் கழுத்துலருந்து கீழ வரைக்கும் போட்டிருந்த. சரி, இந்தத் தடவை வேணும்னே ஊரை ஏமாத்திப் பாக்குறா போலன்னு நெனச்சேன். தப்புன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

ராத்திரி ராத்திரி 'ம்' என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், அவள் தைத்த ஒவ்வொரு துணியின் பட்டனையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். நாலு கொக்கி நிறைந்திருந்தது. கிழிந்த தோளை வெளிப்பக்கமாக வைத்து, தன் நீலச் சட்டையை ஐந்தாவது கொக்கியில் மாட்டினார்.

"அஞ்சாச்சு," என்றார். "அண்ணனுக்கு நீ போன் பண்றியா, நான் பண்ணட்டுமா?"

"நீங்களே பண்ணுங்க," என்றாள் ஊசியக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்ற நாலையும் விட்டுவிட்டு, அந்தச் சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்து விளக்கடியில் விரித்தாள். "அதுவரைக்கும் இப்படி உக்காருங்க. பனியனோட வண்டி ஓட்ட வேணாம்."